பொய்கைவிளாகம் இலக்கிய விருது கொடுத்த கதை

பொய்கைவிளாகத்துக்காரர்களைப் பற்றி வெளியூர்களில் சொல்லும் கதைகளில் பாதி பொய். மீதிப் பாதியில் ஒன்றைத்தான் இப்போது சொல்கிறேன்.

அந்த ஊரில் யாரும் யாரையும் ஏமாற்றியதாகக் கேள்விப்பட்டதில்லை. அதற்கு வேண்டிய அளவு புத்தி அங்கே விளைவதில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். பால் பொங்குகிறதா பார் என்று ஒருவரை அடுப்படியில் நிறுத்திவிட்டுப் போனால், பால் பொங்கி, வழிந்து, அடுப்பை அணைத்து, தரையில் ஓடி, வாசல்படி தாண்டும்வரை பார்த்துவிட்டு, "பொங்கிச்சு" என்பார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்கு இலக்கியம் வந்தது பக்கத்து ஊரின் மேலிருந்த பொறாமையால். பக்கத்து ஊர் தியேட்டர்காரர் தன் தகப்பனார் பெயரில் ஒரு இலக்கிய விருது கொடுத்தார். பத்திரிகையில் அவர் படம் வந்தது. விருது வாங்கியவரின் தோள் மட்டும் ஓரத்தில் தெரிந்தது. அதைப் பார்த்த நாள்முதல் பொய்கைவிளாகம் அரிசி ஆலை முதலாளி பெத்தபெருமாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் தகப்பனார் பெயரிலும் ஒரு விருது வேண்டும் என்றார். அந்தத் தகப்பனார் வாழ்நாளில் படித்தது சாக்குமூட்டையின் மேல் அச்சடித்த எழுத்தை மட்டும்தான். அதனால் என்ன? விருதுக்குப் பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் படித்துவிட்டா கொடுத்தார்கள்?

அறக்கட்டளை ஒன்று உண்டானது. தலைவர் பெத்தபெருமாள். செயலாளர் சிதம்பரதாணு, பத்திரப்பதிவு அலுவலகத்தில் நகல் எழுதி ஓய்வு பெற்றவர். அடுத்தவர் எழுதியதை ஒரு புள்ளிகூட மாறாமல் எழுதுவதில் ஜில்லாவில் அவருக்கு இணை கிடையாது. பொருளாளர் ஓமியோபதி டாக்டர் ஞானாபரணம். மில் ஆபீஸில் மூன்று நாற்காலிகள்தான் இருந்தன என்பதால் நடுவர்களும் இவர்களே.

திருநெல்வேலியிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்து விதிகள் எழுதி வாங்கினார்கள். அவர் சாப்பாட்டுக்கும் பாயசத்துக்கும் நடுவில் எழுதிக் கொடுத்துவிட்டு மதியம் பஸ் ஏறிப் போய்விட்டார். கவிதைத் தொகுப்பு ஒன்றுக்கும் கதைத் தொகுப்பு ஒன்றுக்கும் விருது. ஒவ்வொரு நூலிலும் மூன்று படிகள் அனுப்ப வேண்டும். எழுதியவர் பெயர் நடுவர்களுக்குத் தெரியக்கூடாது. முடிவெடுக்கும்வரை நடுவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக்கூடாது. பிறர் எழுத்தைத் திருடிய நூல் தள்ளப்படும். வென்றவருக்குச் சால்வை, கேடயம். அத்துடன் அந்த நூலில் மீதமிருக்கும் படிகள் எல்லாவற்றையும் அறக்கட்டளையே வாங்கிப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கும்.

இந்தக் கடைசி விதிதான் பிரமநாயகியின் கண்ணில் பட்டது.

பிரமநாயகி அதே ஊர்க்காரி. 'துவைகல் ஈரம்' என்று ஒரு கவிதைத் தொகுப்பைக் கைவளையலை விற்று அச்சடித்தவள். அச்சகத்திலிருந்து வந்த கட்டுகள் வந்த சணலோடு அப்படியே உள்ளறையில் சுவர்போல நின்றன. கட்டுகளுக்கு இந்தப் பக்கம் வீடு. அந்தப் பக்கம் பல்லிகள். மஸ்கட்டில் இருக்கும் மகன் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருகிறான், அறை வேண்டும் என்றார் அவளுடைய கணவர் வைகுண்டம். பழைய பேப்பர் கடைக்காரரிடம் பேசியும் வைத்துவிட்டார். கடைக்காரர் ஒரு கட்டைக் கையால் தூக்கிப் பார்த்து, தாள் நல்ல தாள், எழுத்துதான் கொஞ்சம் அதிகம் என்று குறைபட்டுக்கொண்டு போயிருந்தார்.

"பொங்கலுக்குள்ள இந்தச் சுவர் இங்க இருக்கக் கூடாது" என்றார் வைகுண்டம். "பரிசு வந்தா பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். வரலைன்னா பேப்பர் கடை. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவளுக்கு ரெண்டும் ஒன்றல்ல. ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் வைத்து, கசப்பு போகும்வரை மென்று எழுதியிருந்தாள். தன் சொல் மிக்சர் பொட்டலமாகி எண்ணெய் வழிய யாரோ ஒருவர் கையில் கசங்குவதை நினைத்தால் அவளுக்குச் சோறு வெந்ததா இல்லையா என்பது தெரியாமல் போனது. மூன்று படிகளைப் பொதிந்து, தபாலாபீஸுக்குப் போகும் கணவரிடம் கொடுத்தாள்.

தபாலாபீஸில் பொட்டலத்தை நிறுத்தார்கள். கனம் கூடுதல் என்றார்கள். ஒரே புத்தகத்தை மூன்று தரம் எதற்கு அனுப்புகிறாள் இந்தப் பைத்தியக்காரி என்று வைகுண்டம் பொட்டலத்தைப் பிரித்து இரண்டை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் அனுப்பினார். எடுத்த இரண்டையும் வழியில் டீக்கடையில் கொடுத்து வடை மடிக்கச் சொன்னார். வீட்டில் இதை அவர் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

தமிழ்நாட்டில் எழுதுகிறவர்கள் இவ்வளவு பேர் என்று பொய்கைவிளாகத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. மில்லில் நெல்மூட்டைகளுக்குப் பக்கத்தில் புத்தகப் பொட்டலங்கள் குவிந்தன. மூன்று நடுவர்களும் அவற்றைத் தூரத்தில் நின்று பார்த்தார்கள். கிட்டப் போனால் பெயர் தெரிந்துவிடும்.

"பேர் மேலட்டையிலயே இருக்குமே முதலாளி" என்றார் சிதம்பரதாணு.

"கிழிச்சிரலாம்" என்றார் பெத்தபெருமாள்.

"கிழிக்கிறவருக்குத் தெரிஞ்சிருமே" என்றார் டாக்டர்.

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில், எழுத்தே தெரியாதவர் கிழித்தால் பெயர் யாருக்கும் தெரியாது என்று டாக்டர் கண்டுபிடித்தார். மில் வாட்ச்மேன் பிச்சைக்கண்ணுவைக் கூப்பிட்டு, அவர் பெயரையே ஒரு தாளில் எழுதிக் காட்டி, இது என்ன என்று கேட்டார்கள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்றார். தேர்ச்சி பெற்றார்.

பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது எழுத்துத் தெரியாதவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே பிச்சைக்கண்ணு ஒவ்வொரு புத்தகத்திலும் முன்னட்டை, பின்னட்டை, அதற்கு மேல் விரலுக்கு எவ்வளவு அகப்பட்டதோ அவ்வளவு என்று கிழித்தார். சிலதில் தலைப்புப் பக்கத்தோடு நின்றது. சிலதில் முதல் கதையின் பாதிக் கல்யாணம்வரை போயிற்று. அணிந்துரைகள் எல்லாம் போயின. அந்த வருடம் தமிழுக்கு நடந்த ஒரே நன்மை அதுதான். கிழித்த தாள்களை வைத்திருந்தால் என்றைக்காவது யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று, பொட்டலம் சுற்றிவந்த தாள்களோடு சேர்த்து நெல் அவிக்கும் அடுப்பில் போட்டார்கள். அன்றைக்கு நெல் நன்றாக வெந்தது.

பெயர் தெரியாத ஒரு பெரிய குவியல் மில் களத்தில் மிஞ்சியது. காற்றடித்தால் எல்லாப் புத்தகங்களும் ஒன்றாகப் புரண்டு ஒன்றாக அடங்கின.

அடுத்து, கவிதை எது, கதை எது என்று பிரிக்க வேண்டும். சிதம்பரதாணு ஸ்கேலை எடுத்தார். வரி வலது ஓரத்தைத் தொட்டால் கதை, தொடாமல் நின்றுவிட்டால் கவிதை. இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த விமர்சகரிடமும் கேட்டதில்லை.

பிறகு வாசிப்பு தொடங்கியது. தங்களுக்குள் பேசிக்கொள்ளக்கூடாது என்று விதி. எதைப் பற்றிப் பேசக்கூடாது என்று பேராசிரியர் எழுதாததால் மூவரும் எதைப் பற்றியும் பேசவில்லை. மூன்று நாற்காலிகளையும் மூன்று சுவர்களைப் பார்க்கப் போட்டுக்கொண்டார்கள். டாக்டரின் நாற்காலிக் கால் உடைந்து அவர் விழுந்தபோது மற்ற இருவரும் திரும்பவில்லை. விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாலும் கலந்தாலோசனை ஆகிவிடும். டாக்டரும் நடுநிலை தவறாமல் தரையிலேயே கிடந்து படித்தார்.

தை நெருங்கிக்கொண்டிருந்தது. பிரமநாயகியின் வீட்டில் வைகுண்டம் உள்ளறைக்கு வெள்ளையடிக்க ஆள் பேசினார். கட்டுகளுக்குப் பின்னால் எப்படி அடிப்பது என்று கேட்ட ஆளிடம், அதற்குள் சுவர் போய்விடும் என்றார். பிரமநாயகி தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவரும் அவளைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மில்லில் முதலில் திடுக்கிட்டவர் பெத்தபெருமாள். ஒரு கவிதையைப் படித்தார். விதவை ஒருத்தி முருங்கைக்காய் பறிக்கிறாள். நன்றாகத்தான் இருந்தது. அந்தப் புத்தகத்தை முடித்து இன்னொன்றை எடுத்தார். அங்கேயும் விதவை, அங்கேயும் முருங்கைக்காய். சொல்லுக்குச் சொல் அதே. மூன்றாவதாக ஒன்றை எடுத்தார். அவள் இன்னும் இறங்கவில்லை. சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் முதலாளியின் முகம் வீங்கிவிட்டது. அடுத்த சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த சிதம்பரதாணுவுக்கு ஒரு கதையில் அதே கதி. தரையில் கிடந்த டாக்டருக்கும் அதே.

கடைசியில் முதலாளி சுவரைப் பார்த்தபடியே பேசினார். "நான் யாரோடும் பேசலை. இந்தச் சுவத்துக்கிட்ட சொல்லுதேன். இங்க திருட்டு நடந்திருக்கு."

"திருட்டைப் பத்திப் பேசலாம்" என்று சிதம்பரதாணு தன் சுவரிடம் சொன்னார். "அது இலக்கியம் இல்ல. குற்றம்."

நாற்காலிகள் திரும்பின. குவியலைக் களத்தில் பரப்பினார்கள். திகைத்துப் போனார்கள். அனேகமாக எல்லாப் புத்தகத்துக்கும் அதைப்போலவே அச்சாக இன்னும் இரண்டு இருந்தன.

"என்ன துணிச்சல் பாருங்க" என்றார் டாக்டர். "அச்சுப் பிழையைக்கூட விடலை. இவன் 'தன்ணீர்'னு போட்டிருக்கான். அவனும் 'தன்ணீர்'னு போட்டிருக்கான்."

"அதுகூடப் பரவால்ல டாக்டர். இத பாரும். முதல் ஆள் புத்தகம் விதவையில ஆரம்பிக்குது. இந்த ஆள் அதுக்கு அடுத்த பாட்டுல ஆரம்பிக்கான். கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னு முன்னாடி ரெண்டு தாளைத் தந்திரமா விட்டிருக்கான்" என்றார் சிதம்பரதாணு.

"மூணாவது ஆள்தான் அண்ணாச்சி பெரிய ஆள்" என்றார் பெத்தபெருமாள். "முதல் ஆள் எழுதினான். ரெண்டாவது ஆள் அவன்ட்ட திருடினான். மூணாவது ஆள் திருடன்ட்டயே திருடியிருக்கான்."

இதில் யார் எழுதியவர், யார் திருடியவர் என்று பார்க்கலாமே என்றார் டாக்டர். பெயர் தெரிந்தால் பார்க்கலாம். பெயர் தெரியக்கூடாது என்று விதி இருக்கிறது என்றார் சிதம்பரதாணு. அதனால் மூன்று மூன்றாக எல்லாவற்றையும் தள்ளினார்கள். எழுத்துலகில் இப்படித்தான் நடக்கிறது என்று தனக்கு வெகுகாலமாகச் சந்தேகம் இருந்ததாகப் பெத்தபெருமாள் சொன்னார்.

தள்ளித் தள்ளி, களத்தில் ஒரே ஒரு புத்தகம் மிஞ்சியது. அதற்கு இணை கிடையாது. எங்கே தேடியும் அதைப்போல இன்னொன்று இல்லை.

"இவர் ஒருத்தர்தான் யோக்கியன்" என்றார் பெத்தபெருமாள்.

டாக்டருக்கு ஒரு சந்தேகம். "நல்ல புத்தகமா இருந்தா இதையும் நாலு பேர் திருடியிருப்பாங்களே."

இது கனமான கேள்வி. மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து விவாதித்தார்கள். யாரும் திருடாததால் அது மட்டம் என்பது டாக்டரின் கட்சி. திருட முடியாத அளவுக்கு உயரத்தில் இருக்கிறது என்பது முதலாளியின் கட்சி. சிதம்பரதாணு புத்தகத்தைத் திறந்து நகல் பார்க்கும் குரலில் ஒரு கவிதையைப் படித்தார்.

"வெளுத்த சேலையிலிருந்து
போன நிறத்தைக் கேட்டால்
ஈரத்தை மட்டும் காட்டுகிறது
துவைகல்."

மில் ஓடாத நேரம் அது. களத்தில் குருவிகள் நெல் பொறுக்கின. பிறகு பெத்தபெருமாள், கல்லில் நிறம் இல்லாதது உண்மைதான், தங்கள் வீட்டுக் கல்லும் அப்படித்தான் என்றார். உண்மையை எழுதியிருப்பதால் விருது உறுதியானது. கதைக்கான விருதுக்கு ஆள் இல்லையே என்று டாக்டர் நினைவூட்டினார். சிதம்பரதாணு ஸ்கேலை எடுத்தார். ஒரு பக்கத்தில் வரிகள் வலது ஓரத்தைத் தொட்டன. அந்த ஒரு பக்கத்துக்காகக் கதை விருதும் அதற்கே போனது.

பெயர் தெரியாதவருக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது? அந்த நாலு வரியைப் பத்திரிகையில் போட்டு, எழுதியவர் வந்து விருதை வாங்கிக்கொள்ளவும் என்றார்கள். பிரமநாயகி மளிகைப் பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே இருந்த பத்திரிகைத் தாளில் தன் வரிகளைப் பார்த்தாள். பேப்பர் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்று பயந்தாளோ அதேபோல எண்ணெய் பட்டுக் கசங்கியிருந்தன. துடைத்து, மடித்து, ஓட்டமும் நடையுமாக மில்லுக்குப் போனாள்.

"ஐயா, இதை எழுதினது நான்தான். என் பேரு..."

மூவரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"பேரைச் சொல்லிராதீங்கம்மா" என்று பெத்தபெருமாள் கெஞ்சினார். "நாங்க நடுவர்கள்."

"முடிவுதான் எடுத்தாச்சே ஐயா. இன்னும் என்ன?"

"எடுத்தாச்சுன்னா தெரியலாம்னு அந்த விதியில போடலையே."

அவள் வாதாடவில்லை. வீட்டு அடையாளத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். சால்வை யார் தோளில் விழுந்தால் என்ன, கட்டுகள் போனால் போதும் அவளுக்கு. விழாவில் மேடைக்குப் பின்னால் பெரிய துணிப் பதாகை கட்டியிருந்தார்கள். முதலாளியின் தகப்பனார் பெயர் ஒரு முழ உயரத்துக்கு இருந்தது. அதன் கீழே, விருது பெறுகிறவர் பெயர் வர வேண்டிய இடத்தில், 'இவருக்கு' என்று மட்டும் இருந்தது. பேசியவர்கள் எல்லோரும் இவர் தமிழுக்குக் கிடைத்த கொடை என்றார்கள். யார் என்று சொல்ல வேண்டிய தொல்லை இல்லாததால் முன்பு எத்தனையோ பேருக்குப் பேசிய அதே பேச்சை அப்படியே பேச முடிந்தது.

மறுநாள் காலை மில் வண்டி பிரமநாயகியின் வீட்டு வாசலில் வந்து நின்றது. கட்டுகள் ஒவ்வொன்றாக ஏறின. உள்ளறையில் இருந்த இன்னொரு சன்னல் வெகுநாளைக்குப் பிறகு தெரிந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டித் தன் வரிகளைப் படிப்பதை நினைத்துக்கொண்டு அவள் வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றாள். வைகுண்டம் சன்னலைத் திறந்துபார்த்து, காற்று வருகிறது என்றார். பேப்பர் கடைக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

மில்லில் சணலை அறுத்து முதல் கட்டைப் பிரித்தவர் சிதம்பரதாணு. மேலே இருந்த புத்தகத்தை எடுத்து முதலில் கண்ணை மூடிக்கொண்டு அட்டையைக் கிழித்தார், பெயர் தெரியக்கூடாதே. பிறகு படித்தார். அடுத்ததை எடுத்தார். அதையும் படித்துவிட்டுக் களத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"முதலாளி, இந்தம்மா புத்தகத்தையும் விடலை."

ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கட்டுக்கட்டாகப் பார்த்தார்கள். துவைகல், ஈரம், சேலை. எல்லாவற்றிலும் அதே. தாங்கள் விருது கொடுத்த ஒரே யோக்கியமான புத்தகத்தை ஊரிலிருக்கிற அத்தனை பேரும் சூறையாடியிருக்கிறார்கள்.

"ஆனா இதெல்லாம் அந்தம்மா வீட்லேருந்துதானே வந்துது" என்றார் டாக்டர்.

பெத்தபெருமாளின் கண் கலங்கிவிட்டது. "புரியலையா டாக்டர்? பாவம், தனியா அலைஞ்சு அலைஞ்சு ஒவ்வொருத்தனா பிடிச்சுப் பறிமுதல் பண்ணி வீட்டுல பூட்டி வச்சிருக்காங்க. நம்மகிட்ட வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னாங்களா? பெரிய மனசு."

மாலைக்குள் கட்டுகள் எல்லாம் போலீஸ் நிலையத்துக்குப் போய்விட்டன. இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர். புகாரைக் கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த பிறகு எதிர்த்துப் பேசுவதை அவர் விட்டுவிட்டார். வழக்குச் சொத்து என்று எழுதி, கட்டுகளைப் பூட்டிய அறையில் அடுக்கச் சொன்னார். வழக்கு முடியும்வரை அவற்றை விற்கவோ கிழிக்கவோ அழிக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. பொய்கைவிளாகத்தில் வழக்கு முடிந்ததாக வரலாறு இல்லை. தமிழில் இவ்வளவு பாதுகாப்பாக வேறு எந்தக் கவிதைத் தொகுப்பும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. படிக்கத்தான் முடியாது. அது மற்றவற்றுக்கும் பொதுதான்.

பிரமநாயகி நிலையத்துக்குப் போய், எல்லாம் நானே எழுதியது என்று சொன்னாள். உடன் வந்திருந்த பெத்தபெருமாள், இத்தனை புத்தகத்தையும் ஒரு ஆள் எழுத முடியுமா, அதுவும் ஒன்றுபோலவே, சமையல் வேறு இருக்கிறதே என்று பரிவோடு கேட்டார். திருடர்களைக் காப்பாற்றத்தான் இப்படிச் சொல்கிறாள் என்று அவளுடைய பெருந்தன்மை ஊருக்குள் இன்னும் கொஞ்சம் பரவியது.

மகன் வந்து இறங்கிய அன்று மூன்று நடுவர்களும் ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வந்தார்கள். வைகுண்டம் புதுச் சட்டை போட்டிருந்தார். மனைவியின் எழுத்தை இத்தனை பேர் திருடியிருக்கிறார்கள் என்று மஸ்கட்வரை போனில் சொல்லியிருந்தார். சும்மா எழுதினால் திருடுவார்களா என்று கேட்டுக் கேட்டு அவருக்கு மார்பு அகன்றிருந்தது. கட்டுகள் தன் வீட்டு உள்ளறையிலிருந்து போனவை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஊர் சொல்வது இன்னும் நன்றாக இருந்ததால் அதையே நம்பிவிட்டார். பிரமநாயகி எல்லோருக்கும் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"கவலைப்படாதீங்கம்மா" என்றார் பெத்தபெருமாள். "அந்தக் கட்டுல இருக்கிற புத்தகத்தை எல்லாம் எழுதினது யாருன்னு கண்டுபிடிக்காம நாங்க ஓய மாட்டோம்."

வைகுண்டம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"கண்டுபிடிச்சதும் போலீசுக்குப் போகாதீங்க முதலாளி. முதல்ல என்கிட்ட கொண்டு வந்து விடுங்க. எழுதின கைய முறிச்சிட்டு மறுவேலை பாக்கேன்" என்றார். பிறகு பிரமநாயகியின் பக்கம் திரும்பி, "நீ பயப்படாத" என்றார்.